டயலா, தட்டா, சாதாவா: ஒரே ஒரு ரேசர் வாங்குகிறவனுக்கு

சித்தி மகன் போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான். பல பிளேடு பதித்த மாற்றுத்தலை, அதுதான் கார்ட்ரிட்ஜ், அதற்குக் கொடுக்கிற காசு கட்டுப்படியாகவில்லை, கழுத்தெல்லாம் சிவந்து பொரிப்பொரியாகக் கிளம்புகிறது, பழைய மாதிரி ஒற்றை பிளேடு ரேசருக்கு மாறப்போகிறேன் என்றான். அதுவரை சரி. அப்புறம்தான் கேள்வி வந்தது. "அண்ணே, டயல் வெச்சது வாங்கவா, தட்டு மாத்துறது வாங்கவா, சாதாவே போதுமா? ஒண்ணுதான் வாங்குவேன், சொல்லிட்டேன்."

ஒன்றுதான் வாங்குவேன் என்கிறவனுக்கு யோசனை சொல்வது கஷ்டம். என் குளியலறை அலமாரியில் ஐந்து ரேசர் கிடக்கின்றன. ஒன்று சரிப்படாவிட்டால் அடுத்ததை எடுத்துக்கொள்வேன். அவனுக்கு அந்த வசதி இல்லை. அன்றைக்கு மழுப்பத்தான் முடிந்தது. பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஐந்தையும் மாற்றி மாற்றி மழித்துப் பார்த்துவிட்டு, அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எதைக் கூட்டுகிறோம், எதைக் குறைக்கிறோம்

ஒற்றை பிளேடு ரேசரின் தலையில் மூன்றே சமாச்சாரம். மேலே வளைந்த மூடி, நடுவில் பிளேடு, கீழே அடித்தட்டு. அடித்தட்டின் இரண்டு ஓரத்திலும் ஒரு பட்டை ஓடும். அதுதான் காப்பு. தோலை இழுத்துத் தட்டையாக்கி, பிளேடு எவ்வளவு இறங்கலாம் என்று தீர்மானிப்பது அந்தப் பட்டைதான். பட்டைக்கும் பிளேடு விளிம்புக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டினால் ரேசர் கடுமையாகும், குறைத்தால் மென்மையாகும். டயல் ரேசரில் டயலைத் திருப்பி இதை மாற்றலாம், தட்டு ரேசரில் வேறு அளவு அடித்தட்டைப் போட்டு மாற்றலாம், சாதாவில் அது மாறாது. எண் கூடக் கூட இடைவெளி கூடும். விளம்பரங்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று முதலில் பார்த்துவிடலாம். இந்த ரேசரில் போடுகிற, இரண்டு ஓரமும் கூரான இரட்டை விளிம்பு பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர். வீட்டுப் பிரிண்டரில் போடுகிற ஏ4 தாளும் கிட்டத்தட்ட அதே கனம். தட்டு மாற்றுகிற ரேசர்களில் பெயர்பெற்ற ராக்வெல் 6எஸ் என்ற மாடலை எடுத்துக்கொண்டால், அதன் முதல் எண்ணில் இடைவெளி 0.20 மி.மீ., மூன்றாவதில் 0.48, ஆறாவதில் 0.79. ஒன்றில் இரண்டு தாள் நுழையும், ஆறில் எட்டுத் தாள். குழந்தையின் கன்னத்துக்கும் முள்ளுத்தாடிக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் மொத்தமும் அந்த ஆறு தாளுக்குள் அடக்கம். அதனால்தான் இந்த விஷயத்தில் கடைசல் வேலையின் துல்லியம் அவ்வளவு முக்கியமாகிறது. மரையில் அரைத் தாள் ஆட்டம் இருந்தாலே எண்ணுக்கு அர்த்தம் போய்விடும்.

ஆனால் இடைவெளி மட்டுமே கணக்கில்லை. ஒரு காகிதத்தில் ரேசர் தலையைப் பக்கவாட்டில் வரைந்து பாருங்கள். மூடியின் ஓரத்தையும் காப்புப் பட்டையின் ஓரத்தையும் தொடுகிற மாதிரி ஒரு நேர்கோடு போடுங்கள். மழிக்கும்போது தோல் இருப்பது அந்தக் கோட்டில். பிளேடு விளிம்பு கோட்டுக்கு உள்ளே ஒளிந்திருந்தால் ரேசர் சாது. வெளியே துருத்திக்கொண்டிருந்தால் முரடு. இது துருத்தல். அந்தக் கோட்டை பிளேடு எந்தச் சாய்வில் சந்திக்கிறது என்பது மூன்றாவது. நேராக நிமிர்ந்தால் சுரண்டும், படுத்தால் வழுக்கும்.

இந்த மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. பட்டையைக் கீழே இறக்கினால் இடைவெளி கூடும். கூடவே அந்தக் கோடும் சாயும், பிளேடும் இன்னும் கொஞ்சம் வெளியே துருத்தும். ஆகவே ஒரு கம்பெனியின் 0.6-ஐ இன்னொரு கம்பெனியின் 0.6-ஓடு ஒப்பிடுவது வீண் வேலை. துருத்தல் குறைவாக இருந்தால் அகலமான இடைவெளியும் சாதுவாக நடந்துகொள்ளும். குறுகிய இடைவெளி உள்ள ரேசரும் துருத்தல் கூடினால் கடிக்கும்.

டயல் ரேசருக்கும் தட்டு ரேசருக்கும் உள்ள நிஜமான வித்தியாசம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. டயலைத் திருப்பினால் பட்டை ஒரே திசையில்தான் நகர முடியும், மேலே அல்லது கீழே. இடைவெளியோடு துருத்தலும் சாய்வும் தன்பாட்டுக்கு இழுபட்டுக்கொண்டு போகும். வடிவமைத்தவர் ஏதோ ஓர் எண்ணில், வழக்கமாக நடுவில், மூன்றும் நன்றாகப் பொருந்துகிற மாதிரி வைத்திருப்பார். அங்கிருந்து விலக விலக ஏதாவது ஒன்று பிசகும். தட்டு ரேசரிலோ ஒவ்வொரு தட்டும் தனியாக வார்த்தது. பட்டையைக் கீழே இறக்கும்போது சற்று வெளியேயும் தள்ளி, சாய்வை மாறாமல் காப்பாற்ற வடிவமைப்பாளருக்கு இடம் உண்டு. அந்தச் சுதந்திரத்தை எல்லோரும் ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்களா என்பது வேறு விஷயம்.

டயல்

கூட்டிக் குறைக்கும் யோசனை புதிதல்ல. கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு இரட்டை விளிம்பு ரேசருக்கான அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது 1904 நவம்பர் 15-ல். அதற்கு முந்தைய ஆண்டு முழுவதும் விற்றது 51 ரேசர், 168 பிளேடு என்பது வணிகக் கதைகளில் அடிக்கடி வருகிற கணக்கு. அந்தத் தொடக்ககால ரேசரிலேயே கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் வளைந்திருந்த பிளேடு சற்று நிமிர்ந்து இடைவெளி கூடும். மென்மையாகவோ ஒட்டவோ மழிக்கலாம் என்று விளம்பரமும் செய்தார்கள். ஆனால் தளர்ந்த பிளேடு அதிரும். அதிர்கிற பிளேடு முடியை வெட்டாது, பிடுங்கும்.

பிளேடைத் தளர்த்தாமலே இடைவெளியை மாற்றுகிற டயல் 1950-களின் கடைசியில் ஜில்லெட்டிடமிருந்து வந்தது. அதில் பிரபலமானது 1958 முதல் 1961 வரை பாஸ்டனில் செய்த 195 என்ற மாடல். விலை 1 டாலர் 95 சென்ட், பெயரும் அதிலிருந்துதான். தடித்த கைப்பிடிக்காகச் சேகரிப்பாளர்கள் அதை 'ஃபேட்பாய்' என்பார்கள், நம் பாஷையில் குண்டுப் பையன். கழுத்தில் ஒரு வளையம், அதில் 1 முதல் 9 வரை எண். பித்தளை உடல், நிக்கல் முலாம். அடிக்குமிழைத் திருப்பினால் தலை இரண்டு கதவாகத் திறக்கும். 1960-களில் அதே சங்கதியை ஒல்லியாக்கி 'ஸ்லிம்' என்று விட்டார்கள். இவற்றின் தலைக்கு அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். எழுத்து ஆண்டு, எண் காலாண்டு. எஃப் என்றால் 1960, பக்கத்தில் 3 இருந்தால் ஜூலை முதல் செப்டம்பருக்குள் செய்தது. 1971-ல் டிராக் டூ என்ற இரண்டு பிளேடு கார்ட்ரிட்ஜ் வந்ததும் டயலின் மவுசு குறைய ஆரம்பித்தது. இடைவெளி, சாய்வு எல்லாவற்றையும் தொழிற்சாலையே தீர்மானிக்கிற காலம் அது.

என்னிடம் ஒரு ஸ்லிம் இருக்கிறது. பழைய பொருள் விற்கிறவர் ஒருவரிடம் வாங்கியது. அதை வைத்துச் சொல்கிறேன்: டயலின் அருமை ஒரே மழிப்புக்குள் தெரியும். இரண்டு நாள் தாடியைக் கன்னத்தில் 7-ல் வைத்து முடி படுத்திருக்கும் திசையில் ஒருமுறை இழுத்துவிடுவேன். அப்புறம் 5-க்கு இறக்கி, கழுத்துக்கும் மேலுதட்டுக்கும் போவேன். மறு சுற்றில் எதிர்த்திசையில் இழுப்பதாக இருந்தால் 3. பிளேடைக் கழற்ற வேண்டியதில்லை, நுரை காய்வதற்குள் வேலை முடிந்துவிடும். தட்டு ரேசரில் இதை நினைத்தே பார்க்க முடியாது. ஈரக் கையோடு மூன்று துண்டாகக் கழற்றி, பிளேடைத் தூக்கி, தட்டைத் திருப்பி, மறுபடி பூட்டுவதற்குள் பிளேடு சிங்க்குக்குள் விழுந்துவிடும், இல்லையென்றால் விரலைப் பார்த்துவிடும்.

ஒரு பழக்கம் மட்டும் வேண்டும். குமிழை முழுசாக இறுக்கி வைத்துக்கொண்டே டயலைத் திருப்பக்கூடாது. அரைத் திருப்பு தளர்த்தி, எண்ணை மாற்றி, மறுபடி இறுக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே உரசி உரசித் தேயும்.

சரி, இனி டயலின் மறுபக்கம். எங்கள் பகுதியில் போர் தண்ணீர். பக்கெட்டின் உள்சுவரில் வெள்ளைப் படலம் கட்டும், ஹீட்டர் காயிலில் சுண்ணாம்பு ஏறும். இந்தத் தண்ணீரில் சோப்பு கலந்தால், தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கரையாத ஒரு மாவாக மாறும். வெளியே இருந்தால் துடைத்துவிடலாம். டயல் ரேசரின் கழுத்துக்குள், வளையத்துக்கும் மரைக்கும் நடுவே போய் உட்கார்ந்தால்? சில வருடங்களுக்கு முன் இணையத்தில் ஒரு மலிவான டயல் ரேசர் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். மூன்று மாதத்தில் டயல் 3-க்கும் 4-க்கும் நடுவே சிக்கி நின்றுவிட்டது. சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பிரித்தேன். உள்ளே நனைந்த திருநீறு மாதிரி வெள்ளையாக அப்பிக்கிடந்தது. சுத்தம் செய்து பூட்டலாம் என்று திரும்புவதற்குள் உள்ளே இருந்த ஸ்பிரிங் தெறித்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போனது. இன்னும் அங்கேதான் இருக்க வேண்டும்.

அதிலிருந்து ஸ்லிம்முக்கு வாரம் ஒருமுறை குளியல். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், டயலை 1-லிருந்து 9-க்கும் 9-லிருந்து 1-க்கும் நாலைந்து தடவை, அப்புறம் குடிக்கிற தண்ணீரில் அலசித் துணியில் கவிழ்த்து வைப்பது. வினிகர், எலுமிச்சை என்றெல்லாம் சொல்வார்கள். சுண்ணாம்பு போகும், ஆனால் பழைய நிக்கல் முலாமை ஊறப்போட்டால் அதுவும் கூடவே மங்கும். இந்த வாரச் சடங்கு பிடிக்காதவர்களுக்கு டயல் ஆகாது. அதுவும் உப்புத் தண்ணீர் ஊரில்.

புதிதாகவே வேண்டும் என்கிறவர்களுக்கு ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து மெர்க்கூரில் இரண்டு இருக்கின்றன. புராக்ரஸ் என்பது கைப்பிடியின் அடியில் பிளாஸ்டிக் குமிழ் வைத்தது. மூடி தனியாகக் கழலும். மூடியிலும் தலையிலும் ஒரு குறி உண்டு, இரண்டும் ஒரே பக்கம் வரும்படி பூட்டாவிட்டால் எண்கள் பொய் சொல்லும். ஆனால் உள்ளே கழுவ எளிது, எண்ணுக்கு எண் தாவாமல் நடுவிலும் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். எனக்குப் பிடித்தது இதுதான். இன்னொன்று ஃப்யூச்சர். 120 கிராம் அளவில் கனம், கையில் எடுத்தால் சின்ன உலக்கை மாதிரி இருக்கும். அதன் மூடி திருகு இல்லாமல் 'டக்'கென்று அமுங்கிப் பிடிக்கிற வகை. கழற்ற இரண்டு பக்கமும் விரல் கொடுத்து மேலே இழுக்க வேண்டும், அடியில் பிளேடு இருக்கும். இதே பாணியில் வந்த ஒரு நகலில், பெயர் வேண்டாம், நான் அவசரமாக மூடியை இழுத்துக் கட்டை விரலைக் கிழித்துக்கொண்டேன். அவசரம் என்னுடையதுதான். இருந்தாலும் காலை ஏழரைக்கு அவசரம் இல்லாத ஆள் யார்? சோப்புக் கையோடு இழுத்துத் திறக்கிற மூடியை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று. பிளேடைப் பூட்டி, ரேசர் தலையை டியூப்லைட்டுக்கு எதிரே கண் மட்டத்தில் பிடியுங்கள். பிளேடுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கோடு தெரியும். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அது ஒரே தடிமனாக இருக்க வேண்டும். திருப்பி மறுபக்கத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் ஒரே ரேசரில் ஒரு பக்கம் 3, மறுபக்கம் 5. மலிவு டயல்களில் இது சர்வசாதாரணம். நகரும் பாகங்கள் கூடக் கூட ஆட்டமும் கூடத்தானே செய்யும்.

தட்டு

தட்டு ரேசரில் நகரும் பாகம் எதுவும் இல்லை. மூடி, தட்டு, கைப்பிடி. கழற்றிக் குழாயில் காட்டினால் எல்லாம் சுத்தம். உப்புத் தண்ணீருக்கு இதைவிட நல்ல வடிவம் கிடையாது. ராக்வெல்லில் மூன்று தட்டு, ஒவ்வொன்றின் இரண்டு முகமும் வேறு வேறு அளவு, ஆக ஆறு. சிக்கனமான யோசனை. ஆனால் ஒரே தட்டின் ஒரு முகத்தில் 1, மறுமுகத்தில் 3 என்று இருப்பதால், தூக்கக் கலக்கத்தில் திருப்பிப் போட்டால் ஒன்று என்று நம்பி மூன்றில் மழித்துக்கொண்டிருப்பீர்கள். படிகாரம் தடவும்போதுதான் தெரியும்.

படிகாரம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சலூனில் கடைசியில் தேய்ப்பார்களே, அந்தக் கல். அதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை. மழித்து முடித்ததும் ஈர முகத்தில் படிகாரத்தை மெல்ல ஓட்டுங்கள். எங்கே சுரீர் என்கிறதோ அங்கே பிளேடு தோலையும் சீவியிருக்கிறது. முகம் முழுவதும் எரிந்தால் எண் அதிகம், அல்லது கை அழுத்தம் அதிகம். கழுத்து மட்டும் எரிந்தால் எண்ணைக் குறை சொல்ல வேண்டாம், கழுத்தில் முடி படுத்திருக்கும் திசையை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. தட்டு ரேசரை வாங்கியவர்கள் ஒரு வாரத்துக்கு ஒரு எண் என்று வைத்துக்கொண்டு, படிகாரத்தின் எரிச்சலையும் சாயங்காலம் தாடையில் கை வைத்தால் தெரிகிற சொரசொரப்பையும் பார்த்தால் போதும். ஆறு வாரத்தில் உங்கள் முகத்தின் எண் கிடைத்துவிடும். பிளேடை மட்டும் அந்த ஆறு வாரமும் மாற்றாமல் ஒரே பிராண்டில் வைத்திருங்கள். எண்ணையும் பிளேடு பிராண்டையும் சேர்த்து மாற்றினால் எது எதனால் என்று தெரியாமல் போகும்.

குரோம் பூச்சா, எவர்சில்வரா என்ற கேள்வியும் வரும். ராக்வெல்லில் 6சி பூச்சு போட்டது, 6எஸ் எவர்சில்வர். பூச்சுக்கு அடியில் இருப்பது துத்தநாகத்தோடு கொஞ்சம் அலுமினியம் கலந்த வார்ப்பு. இன்று கடையில் கிடைக்கிற நடுத்தர விலை ரேசர் பெரும்பாலும் இந்த ஜாதிதான். பூச்சு முழுசாக இருக்கிறவரை குறையே இல்லை. கீழே விழுந்து ஒரு சிராய்ப்பு விழுந்தால் அந்த இடத்திலிருந்து அரிக்கத் தொடங்கும், முக்கியமாக மரைக்குள். தட்டை அடிக்கடி மாற்றிக் கழற்றிப் பூட்டுகிற ரேசரில் மரைதான் உயிர். ஆகவே தட்டு ரேசர் என்று முடிவு செய்துவிட்டால் இன்னும் இரண்டு மாதம் பொறுத்துக் காசு சேர்த்தாவது எவர்சில்வரை வாங்குவது நல்லது. டயலிலும் எவர்சில்வர் உண்டு. ஜில்லெட்டின் பழைய வடிவத்தை ஒட்டி அமெரிக்காவில் செய்கிற ரெக்ஸ் அம்பாசடர் அப்படித்தான். அதன் விலையைப் பார்த்தபின் தாடியே வளர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

சாதா

எண்ணும் இல்லை, தட்டும் இல்லை, ஒரே அளவு. இதைப் பற்றி எழுத அதிகமில்லை, அதுதான் அதன் பெருமை. 1938-ல் ஜில்லெட் விட்ட டெக் என்ற மூன்று துண்டு ரேசரின் வடிவம்தான் இன்றைக்கும் பெட்டிக்கடைப் பிளாஸ்டிக் ரேசர் வரைக்கும் பேரன் பேத்தியாகப் பெருகிக் கிடக்கிறது. தினமும் மழிக்கிறவர், கை பழகியவர், தாடி ரொம்ப முரடில்லை என்றால் வேறு எதுவும் தேவையில்லை. எங்கள் சித்தப்பா முப்பது வருடமாக ஒரே ரேசர். அது என்ன மாடல் என்று கேட்டால் "ரேசர்டா" என்பார்.

சாதா ரேசரைக் கூட்டிக் குறைக்க மலிவான வழி ஒன்று இருக்கிறது. பிளேடை மாற்றுவது. ஜப்பானின் ஃபெதர் பிளேடை சாது ரேசரில் போட்டால் இரண்டு எண் ஏற்றிய மாதிரி இருக்கும். நம்மூர் மளிகைக் கடையில் கிடைக்கிற செவன் ஓ கிளாக்கோ டோப்பாஸோ போட்டால் வேறு குணம். நாலைந்து பிராண்டில் ஒவ்வொரு பாக்கெட் வாங்கிப் பார்க்கிற செலவு, புது ரேசரின் விலையில் ஒரு துளி. ஏற்கெனவே வீட்டில் ஒரு ரேசர் கிடந்தால், டயலையும் தட்டையும் தேடுமுன் இதைச் செய்து பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

அப்படியானால் யாருக்கு எது

எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. உங்கள் மழிப்பில் மாறுவது எது என்று கேட்டால் வரும்.

சிலருக்கு ஒரே முகத்துக்குள்ளேயே மாறும். மோவாயில் கம்பி மாதிரி, கழுத்தில் பூனைமுடி மாதிரி, மேலுதட்டில் தொட்டாலே கிழியும். இவர்களுக்கு டயல். மழித்துக்கொண்டிருக்கும்போதே எண் மாற்ற வேண்டிய தேவை இவர்களுக்குத்தான் இருக்கிறது. நல்ல தண்ணீரும் வாரத்துக்கு ஐந்து நிமிடமும் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

சிலருக்கு நாளுக்கு நாள் மாறும். தாடி ஒரு நாளைக்குச் சுமாராக 0.4 மி.மீ. வளரும். தினமும் மழித்தால் வெட்ட வேண்டியது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நாலு நாள் விட்டால் ஒன்றரை மில்லிமீட்டர். அந்த நீளத்தில் முடி குறுகிய இடைவெளிக்குள் மடங்கி, நுரையோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். ரேசர் வெட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும், நாம் அழுத்துவோம், எரியும். இவர்களுக்கு இரண்டே எண் போதும், ஒன்று வாரநாளுக்கு, ஒன்று லீவு முடிந்த காலைக்கு. அதற்கு டயல் எதற்கு? தட்டை முதல் நாள் இரவே மாற்றி வைத்துவிட்டால் போயிற்று.

இன்னும் சிலருக்கு எதுவும் மாறாது, ஆனால் தங்கள் முகத்துக்கு என்ன தேவை என்றே தெரியாது. கார்ட்ரிட்ஜிலிருந்து புதிதாக மாறுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கட்சி. டயல் இவர்களுக்கு நல்லது என்று பலர் சொல்வார்கள், எல்லா எண்ணும் ஒரே ரேசரில் இருக்கிறதே என்று. எனக்கு அதில் சம்மதமில்லை. கை பழகாதவன் டயலோடு உட்கார்ந்தால், எரிந்தால் எண்ணைக் குறைப்பான், ஒட்ட வரவில்லை என்றால் எண்ணைக் கூட்டுவான். ஒரே காலையில் மூன்று முறை மாற்றுவான். தப்பு கையில் இருக்கும், பழி டயலுக்குப் போகும். தட்டு ரேசர் மாற்றச் சோம்பல் வருகிற மாதிரி இருக்கிறது பாருங்கள், அந்தச் சோம்பல்தான் இவர்களுக்கு வாத்தியார். ஒரு வாரம் ஒரே எண்ணில் கிடந்தால் கை அதற்குள் சாய்வையும் அழுத்தத்தையும் கற்றுக்கொண்டுவிடும்.

ஆறு வாரம் கழித்து ஒரே எண்ணில் நிலைத்துவிட்டால் மற்ற தட்டுக்கெல்லாம் கொடுத்த காசு வீண்தானே என்று கேட்கலாம். வீண்தான், ஒத்துக்கொள்கிறேன். என் ஸ்லிம்மும் வருடத்தில் முக்கால்வாசி நாள் 5-லேயே நிற்கிறது. ஆனால் அந்த 5 என்பதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு சாதா ரேசர் வாங்கிப் பார்த்திருந்தால் இதைவிட அதிகம் செலவாகியிருக்கும். செலவழித்தவன் சொல்கிறேன், அலமாரியில் இருக்கிற மற்ற நாலும் அதற்குச் சாட்சி.

சித்தி மகன் கணக்குக்கு வருவோம். கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் வேலை, ஷிப்ட் மாறும். சில வாரம் தினமும் மழிப்பான், நைட் ஷிப்டில் மூன்று நாளைக்கு ஒருமுறை. முகத்துக்குள் பெரிய மாற்றமில்லை, கழுத்து மட்டும் தகராறு. கை பழக்கம் பூஜ்யம். சுத்தம் செய்கிற பொறுமை அதற்கும் கீழே, அவன் பைக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எவர்சில்வரில் தட்டு ரேசர் வாங்கு என்று சொன்னேன். முதல் வாரம் 2, அப்புறம் 3, அதற்கு மேல் என்னைக் கேட்காமல் போகாதே என்றேன். கார்ட்ரிட்ஜில் அழுத்துகிற மாதிரி அழுத்தாதே, ரேசரின் கனமே போதும் என்று நாலு தடவை சொன்னேன். அழுத்தியிருப்பான், அது வேறு.

நேற்று பேசினான். கழுத்து அடங்கிவிட்டதாம், 3-ல் நிற்கிறானாம். "ஆனா ஒரு பிரச்சினைண்ணே. அப்பா ஒரு நாள் சும்மா என் ரேசரை எடுத்து, புது பிளேடு போட்டுப் பார்த்திருக்காரு. ஒண்ணாம் நம்பர் அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அவரோட பழைய ரேசரை எடுத்து உள்ள வெச்சுட்டாரு. இப்ப ஆளுக்கு ஒரு பிளேடு, தட்டு மட்டும் பொதுன்னு ஏற்பாடு."

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் ஒன்றும் மூன்றும் ஒரே தட்டின் இரண்டு முகம். காலையில் யார் முதலில் குளியலறைக்குள் போகிறாரோ அவர் மற்றவரின் பிளேடைக் கழற்றி வைத்து, தட்டைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். சித்தப்பா ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறவர். பின்னால் வருகிறவன் திருப்ப மறந்தாலும் மோசமில்லை, ஒன்றில் மழித்துவிட்டு ஆபீஸ் போவான். சித்தப்பா மறந்தால்தான் விவகாரம். படிகாரக் கல்லை அவர் கண்ணில் படுகிற மாதிரி வை என்று சொல்லியிருக்கிறேன்.